கோ அண்ட் கம்

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக அப்பாவிடம். இங்கிலீஷ் வரட்டும் என்றுதானே இந்த விடுதியில் சேர்த்தார். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். லீவு லெட்டரில் "ஐ வில் கோ ஹோம் அண்ட் கம்" என்று எழுதினேன். எங்கள் வார்டன் எந்த வாக்கியத்தையும் இலக்கணம் பார்க்காமல் விடமாட்டார்.

"கோவா, கம்மா? ரெண்டையும் ஒண்ணா எப்படிடி பண்ணுவே?"

"வெறும் போறேன்னு சொன்னா எங்கம்மா திட்டுவாங்க, மேடம்."

"உங்கம்மாவுக்கு கிராமர் தெரியல" என்று 'அண்ட் கம்'மைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மிச்சத்தைப் படித்த ஆபீஸ் கிளார்க், நான் ஒரேயடியாகப் போகிறேன் என்று நினைத்து டி.சி. எழுதிவிட்டார். தலைமையாசிரியை வெளியூரிலிருந்து வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்குள் போன் பண்ணி, நான் திரும்பி வருவேன் என்று தமிழிலேயே சொல்லிவிடு.

உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு. துவைக்காதது போதும். இங்கே போர்வை குத்துகிறது.

கதவு தட்டுகிற சத்தம். வார்டன்தான். போய்விட்டு