உயிரோடிருக்கும் என் மகளுக்கு இரங்கல் வீடியோ வெளியிட்டவர் மீது நடவடிக்கை கோரி

அனுப்புநர்
க. வெண்மதி,
க/பெ. கதிர்வேல்,
மீனவர் குடியிருப்பு,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: என் மகள் தமிழினியின் சிகிச்சைக்கென நிதி திரட்டியவர், அவள் இறந்துவிட்டதாக வீடியோ வெளியிட்டது – அதனால் ரத்தம் கிடைக்காமல் உயிருக்கு ஆபத்து – பாதுகாப்பும் நடவடிக்கையும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் தமிழினிக்குப் பதினோரு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தலசீமியா என்னும் ரத்த நோய் இருப்பது தெரியவந்தது. மாதந்தோறும் சிதம்பரத்தில் உள்ள மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினால்தான் அவளால் நடமாட முடியும். அவளுக்கு ஓ நெகட்டிவ் வகை. எளிதில் கிடைக்காது என்பதால், தெரிந்த சிலர் முறைவைத்து வந்து கொடுத்து அவளைக் காப்பாற்றி வந்தார்கள்.

2. அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்துவதாகவும், மாற்று சிகிச்சை செய்தால் நோய் தீரலாம் என்றும் மருத்துவர்கள் கூறினார்கள். அதற்கான பணம் எங்களிடம் இல்லை. அந்தச் சமயத்தில் சிதம்பரத்தைச் சேர்ந்த சேரன் என்பவர் மருத்துவமனையில் எங்களைச் சந்தித்து, வீடியோ எடுத்து உதவி திரட்டித் தருவதாகச் சொன்னார். "ஒங்க கணக்குல திடீர்னு இவ்ளோ பணம் வந்தா பேங்க்ல முடக்கிடுவாங்கக்கா. என்னோட கணக்கு நம்பரப் போட்டுக்கிறேன்" என்றார். நம்பினோம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பலர் அவர் கணக்குக்குப் பணம் அனுப்பியதாக அறிகிறேன். எங்களுக்கு எதுவும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார்.

3. பணம் கொடுத்தவர்கள் சிகிச்சை எப்போது என்று அவரைக் கேட்கத் தொடங்கியுள்ளனர். அதன்பின் சென்ற மாதம், என் மகள் படத்துக்கு மாலை போட்டு, சிகிச்சை பலனின்றி இறந்துவிட்டாள் என்று அவர் வீடியோ வெளியிட்டார். இறுதிச் சடங்குக்கும் அதில் உதவி கேட்டிருந்தார்.

4. அன்று கடலிலிருந்து திரும்பிய என் கணவரிடம் துறைமுகத்தில் யாரோ துக்கம் விசாரித்துள்ளனர். அவர் மீனையும் வலையையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

5. மகளிடம் இதை மறைக்கப் பார்த்தோம். பள்ளித்தோழி வீட்டுக் கைப்பேசியில் தமிழினி அதைப் பார்த்துவிட்டாள். "அதுல போட்டது மாதிரியே ஆயிடுமாம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கண்ணை மூடப் பயப்படுகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டே படுக்கிறாள். எனக்கும் அதே பயம்தான் என்பதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

6. இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. ரத்தம் ஏற்றும் நாள் வந்தபோது யாரும் வரவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். நான் தொலைபேசியில் அழைத்தபோது, மோசடிக்காரி என்று நினைத்துச் சிலர் துண்டித்துவிட்டார்கள். மகள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். வழக்கமாக ரத்தம் கொடுக்கும் சிதம்பரம் தட்சிணாமூர்த்தி என்பவரை வீடு தேடிச் சென்று, ஆட்டோவில் படுத்திருந்த பிள்ளையைக் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே எங்களுடன் மருத்துவமனைக்கு வந்தார். அன்று பிழைத்தாள். ஆனால் அவர் இனி மூன்று மாதம் கழித்துத்தான் மீண்டும் கொடுக்க முடியும். அடுத்த முறைக்கு ஆள் இல்லை.

7. வீடியோவை நீக்கும்படி சேரனிடம் கெஞ்சினேன். "போலீசுக்குப் போனீன்னா, நீதான் பொய் சொல்லி பணம் வாங்குனன்னு போடுவேன். பொண்ணு ஸ்கூலுக்கு எந்த வழியா போவுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் முதல் அறிமுகமில்லாத இருவர் பைக்கில் எங்கள் தெருமுனையில் நிற்கிறார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கணவர் கடலுக்குப் போனால் கதவைத் திறக்கவே அஞ்சுகிறேன்.

ஆகவே ஐயா அவர்கள், அந்த வீடியோவை நீக்கவும், சேரன் மீது வழக்குப் பதிந்து விசாரிக்கவும், எங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுகிறேன். திரட்டிய பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனாலும் எங்களுக்கு வருத்தமில்லை. என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தங்கள் அலுவலகத்தின் பெயரில் ஓர் அறிவிப்பு மட்டும் உடனே வர வேண்டும். நான் சொன்னால் நம்பாதவர்கள் தாங்கள் சொன்னால் நம்புவார்கள். ரத்தம் கொடுக்க வருவார்கள்.

மருத்துவச் சான்றுகளை இணைத்துள்ளேன். தமிழினியையும் அழைத்து வந்திருக்கிறேன். தங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருமுறை அவளைப் பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 19.02.2025

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) க. வெண்மதி