நீ தும்மினால் எங்களுக்குச் சளி

சாய்ந்தமருது
03.04.2025

அன்பின் இன்பாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் நீ இடையில் பாய்வாய், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

பெருநாளைக்கு மறுநாள் கடற்கரையில் நம் பாட்டைப் பாடினோம். நடிகர் ருத்ரமாறனின் ரசிகர்களைக் கிண்டல் பண்ணித்தானே எழுதினாய்? “நீ தும்மினால் எங்களுக்குச் சளி, தலைவா” என்று நான் கத்தும்போது கல் வரும் என்று டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்து வைத்திருந்தேன். வரவில்லை. கூடவே பாடினார்கள். ரசிகர் மன்றத் தலைவன் மீராசா மேடையேறி என்னைச் சொந்த அண்ணனைப் போலக் கட்டிப்பிடித்து, “எங்கட மனசில இருக்கிறத அப்பிடியே பாடிட்டீங்க நானா” என்று அழுதான். இப்போது அதுதான் மன்றத்தின் கீதம்.

ஸப்னாவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பிள்ளை கிடைக்கும், நானும் வாப்பா ஆகிவிடுவேன். அவள் உடம்பில் இரத்தம் குறைவாம். துஆச் செய்.

உன் அர்ஹம்

தோஹா
06.04.2025

அன்பின் அர்ஹம்,

வஅலைக்குமுஸ்ஸலாம். வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். செருப்பால் அடித்தால் என்ன கம்பனிச் செருப்பு என்று கேட்கிற கூட்டத்துக்கு எப்படிப் பாட்டு எழுதுவது? நீ சிரித்துக்கொண்டு பாடியிருப்பாய், அதுதான் பிழை. இந்தச் சரணத்தையும் சேர்த்துப் பாடு, உறைக்கும்:

“உம்மாவுக்கு மருந்துக் குளிசை வாங்க நேரமில்ல,
உன் பிறந்தநாளுக்கு ஊத்துவன் என் இரத்தம்.”

இரத்ததானம் என்று படம் பிடித்துப் போடுகிறார்களே, அவர்களுக்கு. எங்கே சிரித்தார்கள், எங்கே முகம் கறுத்தது என்று வரிக்கு வரி எழுது. போஸ்டரில் என் பெயரும் வரட்டும்.

இன்பாஸ்

சாய்ந்தமருது
12.05.2025

அன்பின் இன்பாஸ்,

உன் சரணத்தைப் பாடவில்லை.

போன கிழமை ஸப்னாவுக்குத் திடீரென வலி கண்டது. ஆஸ்பத்திரியில் இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய இரத்த வகை அங்கே இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் மீராசாவுக்குப் போன் எடுத்தேன். பகல் லுஹர் தொழுது முடியுமுன் பொடியன்மார் வந்து நின்றார்கள், எல்லார் சட்டை நெஞ்சிலும் ருத்ரமாறன். அக்கரைப்பற்றிலிருந்தும் வந்திருந்தார்கள். “தலைவர்ட பிறந்தநாளைக்குக் குடுக்க வெச்சிருந்தது நானா, இப்பவே எடுங்க” என்றான் ஒருவன். அவன் கையில் ஊசி ஏறும்போது உன் வரி எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

பைத்தியங்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சரணம் வேண்டாம் மச்சான்.

ஸப்னா இன்னும் கண் திறந்து கதைக்கவில்லை. பிள்ளை குறைமாதம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அர்ஹம்

தோஹா
14.05.2025

அர்ஹம்,

ஒரு மாதம் காத்திருந்தது இதற்காகவா? பாட்டின் முள்ளே அந்தச் சரணத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் மிச்சம் அவர்களுடைய கீதம்தான். நன்றிக்கடன் வேறு, பாட்டு வேறு. இங்கே அறைக் கூட்டாளிகளுக்குப் பாடிக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதியவன் நான். ஒன்றில் முழுதாகப் பாடு, இல்லாவிட்டால் பாடவே வேண்டாம். உடனே பதில் போடு.

இன்பாஸ்

சாய்ந்தமருது
02.06.2025

இன்பாஸ்,

சரி, இனிப் பாடமாட்டேன். நீ என்னிடம் விட்டுப்போன கிற்றாரை உன் வாப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மன்றத்துப் பொடியன்மார் நம்மை எதிர்பார்க்காமல் தாங்களே பாடிக்கொள்கிறார்கள்.

அவர்கள் அந்த நடிகனைப் பார்க்கிற மாதிரித்தான் நீ உன் பாட்டைப் பார்க்கிறாய். ஆனாலும் கூப்பிட்டால் அவர்கள் வருகிறார்கள்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஸப்னா எழுந்து நடக்கிறாள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். மகள்.

அர்ஹம்