நெருப்பு படாத கற்கள்

கிழக்கு தாம்பரம்,
7-7-96

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ரத்தினபாய் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நாசரேத்தில் அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மழை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஹாலந்தில் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போடவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மார்பில் சளி கட்ட விடாதீர்கள்.

அன்றைக்கு போன் பூத்தில் என்னால் ஒன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நீங்களும் சுவர் எவ்வளவு போயிற்று என்றே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் நீங்கள் புறப்பட்டபோது, அப்படி என்னதான் படிக்கப் போகிறாய் என்று அத்தை கேட்டார்கள். வீட்டுக்காக மண் வெட்டுகிற நாள் முதல், என்றைக்கோ அதை இடித்துக் கொட்டுகிற நாள் வரைக்கும் அது பூமிக்கு என்னென்ன கெடுதல் செய்கிறது என்று கணக்கிடுகிற படிப்பு என்றீர்கள். அத்தை சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் எழுதிக் கேட்டபோது வண்டலூருக்கு அப்பால் செங்கல் சூளைக்குப் போய்ப் பார்த்தேன். நெல் விளைந்த வயலின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, லாரி லாரியாக விறகைக் கொட்டி எரிக்கிறார்கள். திரிசூலத்தில் ஜல்லி உடைக்கிற இடத்தில் நின்றுவிட்டு வந்தேன். வீட்டில் தலைக்குக் குளித்தபோது தண்ணீர் வெள்ளையாக ஓடியது. நம் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டையாவது வேறு மாதிரி கட்டவேண்டும் என்று நீங்கள் சொன்னதை அன்றிலிருந்து நானும் மனசார நம்பினேன்.

அதனால்தான் மேஸ்திரி மாணிக்கவேலோடு அத்தனை மல்லுக்கு நின்றேன். அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்டு கலந்து, கையால் அழுத்தும் மெஷினில் கல் அறுத்தோம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மாணிக்கவேலுக்கு அது பிடிக்கவே இல்லை. "இன்னா மேடம் இது, மண்ணுல செவுரு எழுப்பிகினு. மழ வந்தா நான் ஜவாப்தாரி இல்ல" என்று ஆரம்பத்திலேயே சொன்னார். சுற்றிலும் எல்லோரும் ஏரி மண் அடித்து மனையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏரியைத் தோண்டவேண்டாம் என்று எழுதியதால் நம் மனை மட்டும் தாழ்வாகவே கிடந்தது.

சித்தாள் குப்பம்மாவைப் பற்றி உங்களுக்கு எழுதியதே இல்லை. மாடம்பாக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். முன்னே சூளையில் வேலை பார்த்தவள். அந்தப் புகையில் வாங்கின இருமல் இன்னும் விடவில்லை. மெஷின் பிடியில் தொங்கி அழுத்துவதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. ஒருநாள் டீ குடிக்கும்போது, "இங்க பொகை இல்லக்கா, நெஞ்சு லேசா கீது" என்றாள். அதைக் கேட்டுவிட்டு, உங்கள் படிப்பால் ஒருத்திக்காவது நல்லது நடந்திருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மழையைத் தாம்பரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஐப்பசிக்குள் கூரை போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் இருந்தோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு மேலே வந்திருந்தது. இரவும் பகலும் கொட்டியது. தார்ப்பாய் போட்டு மூடியதெல்லாம் மேலே விழுகிற தண்ணீருக்குத்தான் ஆயிற்று. உயர்த்திய மனைகளிலிருந்து வடிந்ததெல்லாம் நம் மனையில் வந்து தேங்கி, சுவரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மழை விட்டு வெயில் அடித்த காலையில் நான் போய் ரோட்டோரம் நின்றேன். ஈரம் காயும் வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது என்று மாணிக்கவேல் சொல்லியிருந்தார். மேற்குச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் சரிந்து கிடந்தது. அதை எடுத்து விட்டால் சீக்கிரம் காயும் என்று குப்பம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. மாணிக்கவேல் கத்துவதற்குள் அவள் போய்விட்டாள். சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எல்லோரும் ஓடிப்போய்க் கையாலேயே வாரினோம். கல்லாக இருந்திருந்தால் தூக்கி எறிந்திருக்கலாம். பாதி சேறாகியிருந்தது. வார வாரச் சரிந்துகொண்டே வந்தது.

உயிர் இருக்கிறது. முதுகெலும்பில் அடி. இனி நடக்கமாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் புருஷன் துலுக்காணம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தடவை பேசினார்: "மண்ணு நனைஞ்சா கரையும்னு எங்க வூட்டுப் புள்ளைக்கும் தெரியும்மா." அதற்கு நான் என்ன சொல்வது? இன்னும் சில வாரம் காய்ந்திருந்தால் கரைந்திருக்காது என்றா? மனையை உயர்த்தியிருந்தால் நின்றிருக்கும் என்றா? மாணிக்கவேல் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை போலிருக்கிறது.

இதற்கு நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது. உடைந்த கற்களைத் தூளாக்கி மறுபடி அச்சில் போடலாம், எதுவும் வீணாகாது, மனம் தளராதே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியதைச் செய் என்றும் ஒரு வரி இருந்தது. அவள் பெயரை நீங்கள் கேட்கவில்லை. போனில் நான் சொன்னேனா இல்லையா என்பது எனக்கே நினைவில்லை, அதனால் உங்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அத்தான், எதையும் மறுபடி அச்சில் போடவில்லை. அந்த மெஷினைத் தொட ஆட்கள் வரமாட்டோம் என்கிறார்கள். நின்ற சுவர்களையும் இடிக்கச் சொல்லிவிட்டேன். சிமெண்டு கலந்த மண் வயலுக்கும் ஆகாது என்றார்கள். லாரிக்காரர் ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. திங்கட்கிழமை சூளைச் செங்கல் வந்து இறங்கியது. மனையை உயர்த்த மண்ணும் அடிக்கிறார்கள். எந்த ஏரி மண் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கணக்குப் போட்டால், அக்கம்பக்கத்து வீடுகள் செய்கிற கெடுதலை நம் வீடும் செய்யும், இடித்துக் கொட்டியது அதற்கு மேல். தெரிந்தேதான் செய்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களிடம் இருந்தாலும் இப்போது எழுதவேண்டாம்.

கருத்தரங்கில் காட்ட நம் சுவரின் படம் கேட்டிருந்தீர்கள். மழைக்கு முன்னால் எடுத்த பிலிம் சுருள் காமிராவில் அப்படியே இருக்கிறது. கழுவக் கொடுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து குப்பம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரு ஃபாரின்ல பெரிய படிப்பு படிக்கிறாரேக்கா, இந்தக் காலுக்கு அங்க மருந்து கீதான்னு ஒரு வார்த்தை கேளேன்" என்றாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதோ கேட்டுவிட்டேன்.

பதிலை எனக்கு எழுதாதீர்கள், அவளுக்கே எழுதுங்கள். அவள் பெயர் குப்பம்மா. தமிழில், ஒரு பக்கமாவது எழுதுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். மருந்து இல்லை என்பதை எப்படி எழுதுவீர்களோ, எனக்குத் தெரியாது. கர்த்தர் உங்கள் கைக்கு வார்த்தை கொடுக்கட்டும்.

ஜெபத்துடன்,
ரத்தினபாய்