கோவேறு கழுதைத் தொப்பி

பிப்ரவரி 3, 2025. திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. கோதுமை மேடுகளைக் காணவில்லை. தபால் பெட்டி வரைதான் உலகம்.

பால் தீர்ந்துவிட்டதால் கடைக்குப் போனேன். தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் போனேன். இந்தப் பனியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

கடைக்கார லைல் என்னைப் பார்த்ததும், "வாங்க ஆர்டிஸ். பால் மட்டும் போதுமா, ஒரு கட்டு புல்லும் எடுத்து வைக்கவா?" என்றான். போன வருடத்திலிருந்து இதே கேலிதான். அவனுக்கும் அலுக்கவில்லை.

பழுப்புக் கம்பளித் தொப்பி, மேலே இரண்டு நீளக் காதுகள். டால்பெட் கல்லூரி அணிக்குக் கோவேறு கழுதைதான் சின்னம். எங்கள் ஹார்லன் கல்லூரிக்குக் கொக்கு; எங்கள் தொப்பி வெள்ளை, முன்னால் மஞ்சள் அலகு. வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரிக் கடைசியில், இரண்டு ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணிகளும் மோதும். எங்கள் அணி தோற்றால் நான் டால்பெட்காரத் தோழி நேவாவின் தொப்பியைப் போட வேண்டும். அவர்கள் தோற்றால் அவள் என்னுடையதை. அடுத்த வருட ஆட்டம் வரை, குளிரில் வெளியே கிளம்பும்போதெல்லாம். நாற்பத்தோரு வருட ஏற்பாடு. முதல் வருடம் அவள் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அங்கே ஆரம்பித்தது.

இந்த முறை கழற்றிவிடுவேன். எங்கள் அணியில் பிரின் இருக்கிறாள். என் பேத்தி, பதினோராம் எண். எழுதும்போதே கை தானாக அழுத்துகிறது.

பிப்ரவரி 16. ஞாயிறு

பிரின் அழுக்குத் துணி மூட்டையோடு வந்தாள். துவைத்துக் காயும் வரை சாப்பிட்டாள், தூங்கினாள். எழுந்ததும் அடுத்த வருடத்தைப் பற்றியே பேச்சு. கல்லூரி பழைய லீக்கை விட்டுக் கிழக்கே இருக்கும் பெரிய லீக்கில் சேர்கிறது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு எங்களைப் பிடித்திருக்கிறதாம். டால்பெட்டை யாரும் கூப்பிடவில்லை.

"பதினஞ்சாயிரம் பேர் உட்கார்ற அரங்கம் பாட்டி. விமானத்துல போவோம்" என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் கிழக்கு ஓரம் கிழிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா எங்களை ஆப்பிள் பறிக்கப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டார். அதோடு பள்ளி சரி. அந்தக் கிழிந்த துண்டு எங்கே என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பேத்தி அங்கேதான் போகப்போகிறாள்.

பெருமையாகத்தான் இருக்கிறது. பின் ஏன் துணியை மடிக்கும்போது ஒரு கால்சட்டையை மூன்று தடவை மடித்தேன்?

பிப்ரவரி 22. சனி

தோற்றுவிட்டோம். 66-65.

கடைசி நான்கு நொடி. இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். பிரினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காத எறிதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எறிவதற்கு முன்னால் எப்போதும் போலக் கூட்டத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். முதலாவது விழுந்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றியது, சுற்றியது — அரங்கமே தண்ணீருக்கடியில் போன மாதிரி சத்தமில்லை — பிறகு வெளியே சாய்ந்தது.

வழக்கம்போல வண்டி நிறுத்துமிடத்தில் நேவாவும் நானும் காரின் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். என் பீன்ஸ் குழம்பு, அவள் செய்த லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. அவள் ரொட்டியைப் பிய்க்காமல் கையை நீட்டினாள்.

"குடுடி அதை. இனிமே அடுத்த ஆட்டம்னு ஒண்ணு இல்ல. சாகுற வரைக்கும் காதை ஆட்டிக்கிட்டா திரிவ?"

"ஜெயிச்சுத்தான் தருவேன்."

"யாரை ஜெயிப்ப? எங்களோட ஆட மாட்டோம்னு போறது நீங்கதானே."

"நான் என்ன கையெழுத்தா போட்டேன்?"

"போடல. ஆனா போன வாரம் உன் பேத்தி தொலைக்காட்சில வரப்போறான்னு ஃபோன்ல அரை மணி நேரம் பேசினது யாரு?"

அவள் ரொட்டி டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு ரொட்டிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் காரின் பின்விளக்குகள் பனியில் இரண்டு சிவப்புக் கம்பளி உருண்டைகள் போல உருண்டுகொண்டே போயின.

பிப்ரவரி 23

கொடுத்திருக்கலாம்.

கொடுத்திருக்க முடியாது. சும்மா கொடுப்பதற்கா நாற்பத்தோரு வருடம்?

ஏப்ரல் 9. புதன்

பனி கரைந்துவிட்டது. தொப்பியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காற்றில் காதுகள் மட்டும் ஆடின. மேட்டுக்குப் பின்னால் ஒரு கழுதை ஒளிந்து நின்று என்னையே கவனிக்கிற மாதிரி இருந்தது.

நேவாவிடமிருந்து ஃபோன் இல்லை. நானும் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

அறுவடை. வானமெல்லாம் வைக்கோல் தூசி, மாலை வெயில் தேன் மாதிரி. கல்லூரியிலிருந்து புது அட்டவணை வந்தது. படித்தேன். திரும்பவும் படித்தேன். வருகிற ஊர்களில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிப்ரவரி 21 சனிக்கிழமைக்கு நேராக ஒரு கடற்கரை ஊரின் பெயர் போட்டிருக்கிறது. அங்கே டால்பெட் என்றல்லவா இருக்க வேண்டும்.

என் இருக்கைக்குப் பக்கத்து இருக்கை நேவாவுடையது, எதிரணி விருந்தாளிகளுக்கான வரிசையில் முதலாவது. அதில் இனி யார் உட்காருவார்கள்? அவ்வளவு தூரத்திலிருந்து யார் வருவார்கள்?

நவம்பர் 8. சனி

முதல் பனி. வாசலில் நின்று யோசித்தேன். அடுத்த ஆட்டம் வரை என்பதுதான் பேச்சு. அடுத்த ஆட்டமே இல்லையென்றால்? என் வீட்டுக்காரர் மெர்ல் உயிரோடு இருந்தால் இதற்கு ஒரு வழக்கறிஞரைப் பிடிக்கலாம் என்று சிரித்திருப்பார்.

போட்டுக்கொண்டேன்.

லைல் கேலி செய்யவில்லை. பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "குளிர் ஜாஸ்தி, பார்த்துப் போங்க" என்றான். அதுதான் வலித்தது.

டிசம்பர் 4. வியாழன்

பெரிய லீக்கில் எங்கள் ஊரில் நடக்கும் முதல் ஆட்டம். விருந்தாளி வரிசையில் பதினோரு பேர். நேவாவின் இருக்கையில் யாரோ கோட்டை வைத்திருந்தார்கள். தொலைக்காட்சி விளம்பரத்துக்காக ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தினார்கள். பெண்கள் நடுவில் நின்று காத்திருந்தார்கள். மேலே விளக்குகள் மட்டும் லேசாக முனகின. எனக்குக் கண் சொக்கியது. கனவா நினைவா தெரியவில்லை, கோர்ட் நீண்டுகொண்டே போனது. ஆற்றைத் தாண்டி, மலைகளைத் தாண்டி, பள்ளிக்கூடத் தேசப்படத்தில் கிழிந்த இடம் வரை. அந்தக் கோடியில் பிரின் ஊசிமுனை அளவுக்கு நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது.

விழித்தபோது இருபது புள்ளி பின்னால்.

ஜனவரி 11, 2026. ஞாயிறு

பிரின் ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து பேசினாள். பனிப்புயலாம், விமானம் நின்றுவிட்டது. நேற்று ஆறு ஃப்ரீ த்ரோவில் ஐந்தைத் தவறவிட்டாள். நான் அதைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"பாட்டி, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது."

"சொல்லு."

"நான் எறியுறதுக்கு முன்னால கூட்டத்துல உன்னைத் தேடுவேன். எல்லாரும் வெள்ளைத் தொப்பி. நடுவுல ரெண்டு பழுப்புக் காது. பட்டுனு தெரிஞ்சுடும். நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சா கை ஆடாம நிக்கும். இங்க தேடித் தேடிப் பார்க்குறேன், யாருமே இல்ல."

"அந்தக் கழுதைத் தொப்பியையா தேடின?"

"வேற எப்படி கண்டுபிடிக்கிறது உன்னை? நீ குள்ளம்."

ஃபோனை வைத்துவிட்டுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடம் இதைத் திட்டியிருக்கிறேன். ஆட்டத்துக்கு ஆட்டம், இதைக் கழற்ற ஒரு வழி வராதா என்று உட்கார்ந்திருந்தேன். அவள் இதைத்தான் பார்த்திருக்கிறாள்.

இதை நேவாவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள். ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21. சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் தூங்கி எழுந்ததும் தெர்மாஸில் காபி ஊற்றினேன். பீன்ஸ் குழம்பைச் சூடாக்கிக் கம்பளியில் சுற்றி வைத்தேன். மெர்லின் சட்டைப்பை ரேடியோவை எடுத்துக்கொண்டேன். தொப்பி. கார். மூடுபனியில் நிதானமாகப் போனேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில்தான் உறைத்தது. பிப்ரவரி கடைசிச் சனிகளில் ஒன்று, போன வருடம் எங்கள் ஊரில், இந்த வருடம் டால்பெட்டில் — அப்படித்தானே நாற்பத்தோரு வருடமும். கை கால் எல்லாம் அதுவாகவே கிளம்பியிருக்கிறது. இன்று எங்களுக்கு அங்கே ஆட்டம் இல்லை. பிரின் கடற்கரை ஊரில் இருக்கிறாள்.

பாலத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால்தான் போனேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

டால்பெட் அரங்கில் விளக்கு எரிந்தது. பழைய லீக்கில் மிச்சமிருக்கிற ஏதோ ஒரு சின்னக் கல்லூரியோடு ஆட்டம். உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் பழுப்புக் காதுகள். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தேன். என்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"அந்தத் தொப்பில வலது காது ஒட்டுப் போட்டது. நான் தைச்சது. எனக்குத் தெரியாதா?"

நேவா. பின்னால் நின்றாள். கம்பு ஊன்றியிருந்தாள், அது புதிது.

"வழி தப்பி வந்துட்டேன்" என்றேன்.

"குழம்புச் சட்டியோடயா?"

அவள் பக்கத்து இருக்கையில் ஒரு டப்பா இருந்தது. திறந்து பார்க்காமலேயே பட்டை வாசம் வந்தது.

"குடுக்குறியா இப்பவாவது?" என்றாள்.

"ஜெயிச்சுத்தான்."

"பிடிவாதக் கொக்கு." கொஞ்ச நேரம் கோர்ட்டையே பார்த்தாள். "உன் பேத்தி ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"நாலு. நம்ம நேரத்துக்கு."

"எங்க ஆட்டமும் நாலு. அப்புறம் என்ன? எங்க பொண்ணுங்க இங்க எத்தனை புள்ளி போடுறாங்க, உங்க பொண்ணுங்க அங்க எத்தனை போடுறாங்க. யார் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க."

"எதிர்ல ஆடுறவங்க?"

"அவங்களை யாரு கூப்பிட்டா?"

அப்படியே ஆடினோம். கண் இந்த அரங்கில், காது அந்த அரங்கில். ரேடியோவின் காது வயரை ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டோம். மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து பிரினின் பெயர் எப்போதாவது மிதந்து வரும். கொஞ்ச நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. இங்கே ஒரு கழுதைப் பெண் எறிந்தால் அங்கே எங்கள் கொக்கு பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மூவாயிரம் மைல் நடுவில் இல்லவே இல்லை.

டால்பெட் 58-49 என்று ஜெயித்தது. மக்கள் எழுந்து போனதும் வயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் கேட்டோம். எங்கள் ஆட்டம் விளம்பரங்களால் இன்னும் முடியவில்லை. துடைப்பக்காரர் எங்கள் வரிசை வரை வந்து, "முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

"இல்லப்பா, இன்னும் நாலு நொடி இருக்கு" என்றாள் நேவா.

நாங்கள் 57. எதிரணி 78. பிரினைத் தள்ளிவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. ரேடியோக்காரர், இனி இதற்கு அர்த்தமில்லை, கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது என்றார். எனக்கு இருந்தது: டால்பெட்டின் 58-ஐத் தாண்ட இரண்டும் விழ வேண்டும். நேவா என் மணிக்கட்டைப் பிடித்தாள். யாருக்காகப் பிடித்தாள் என்று இப்போதும் தெரியவில்லை.

முதலாவது, உள்ளே. 58.

அப்புறம் இரைச்சல். வெறும் இரைச்சல். நேவா ரேடியோவை முழங்காலில் தட்டினாள்.

"...உள்ளே. ஆட்டம் முடிந்தது. எழுபத்தெட்டு, ஐம்பத்தொன்பது."

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தோம். துடைப்பக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொப்பியைக் கழற்றி, காதுகளை நேராக்கி, அவள் கையில் கொடுத்தேன். பையிலிருந்து கொக்கை எடுத்தேன். (பையில் எப்படி இருந்தது? தெரியாது. வைத்திருந்தேன்.) அவள் தலையைக் குனிந்தாள், போட்டுவிட்டேன். அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அசிங்கமா இருக்கா?"

"ரொம்ப."

ரொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பிப்ரவரி 22. ஞாயிறு

பிரின் பேசினாள். குரல் சோர்ந்திருந்தது. "பத்தொம்பது புள்ளில தோத்தோம் பாட்டி. கடைசில ரெண்டு போட்டேன், எதுக்குன்னு தெரியல. ஒருத்தர்கூட கை தட்டல."

"ரெண்டு பேர் எழுந்து நின்னோம்" என்றேன். முழுக்கதையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள்.

பிறகு, "அப்ப சனிக்கிழமை நம்ம ஊர் ஆட்டத்துக்கு உன் தலையில தொப்பி இருக்காது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிப்ரவரி 24. செவ்வாய்

வெறுந்தலையோடு கடைக்குப் போனேன். லைல் எழுந்து நின்று கைகுலுக்கினான். காது குளிர்ந்தது.

பிப்ரவரி 26. வியாழன்

நேவாவுக்கு ஃபோன் செய்து, சனிக்கிழமைக்கு மட்டும் அந்தத் தொப்பியைக் கடனாகத் தருவாயா என்று கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். என் வாயால் இதைக் கேட்பேன் என்று நாற்பத்தோரு வருடத்தில் நினைத்ததில்லை.

நேவா முதலில் சிரித்தாள். பிறகு, "தபால்ல அனுப்ப முடியாது. காது நசுங்கிடும். நானே கொண்டு வரேன்" என்றாள்.

பிப்ரவரி 28. சனி

கிளம்பிக்கொண்டிருக்கிறேன். நேவா வாசலில் கொக்குத் தலையோடு ஹாரன் அடிக்கிறாள். என் பக்கத்து இருக்கையில் கோட் வைக்கிற ஆளை அவளே எழுப்பிவிடுவாளாம், அது அவள் இருக்கை. கழுதை என் தலையில் இருக்கிறது. பிரின் ஒரு தடவை நிமிர்ந்தால் போதும்.