உங்களுக்காக நான் சொன்ன இருபது

அஸ்ஸலாமு அலைக்கும், என் ஆசை வாப்பா,

நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி மூன்று வருஷமாகிறது. உம்மாவின் செய்தியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதல் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்த பிறகு கண்டியில் கிளினிக்குக்குப் போவோமே, அங்கே பிசியோதெரபி மிஸ் ஒரு தாளைப் பார்த்துக் கேட்பார். விழாமல் படி இறங்குவேன் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது? குனிந்து செருப்பை எடுக்க? பஸ்ஸில் ஏற? சனத்துக்குள் நடக்க? காலின் பலத்தை வேறு விதமாகப் பார்ப்பார்கள். இந்தத் தாள் உங்கள் மனத்துக்கு.

உங்களுக்கு ஒரு சொல் வாய்க்கு வர நேரமெடுக்கும். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. வீட்டுக்குத் திரும்பும் பிலிமத்தலாவை பஸ் போய்விடும் என்ற அவசரம் வேறு. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் இருபது போடச் சொல்லிவிடுவேன். ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டு, "என்னட்டத்தானே கேக்கிறாங்க, மகள்" என்றீர்கள். நான் சிரித்துச் சமாளித்து, அடுத்த கேள்விக்கும் இருபது என்றேன்.

அந்த இருபதை நம்பித்தான் ஜும்ஆத் தொழுகைக்கு உங்களைத் தனியே விடவில்லை. பள்ளிவாசல் எட்டு வீடு தள்ளித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாரனும் தொப்பியுமாக வாசலடிக் கதிரையில் காத்திருப்பீர்கள். தம்பி வேலையிலிருந்து வந்தால் கூட்டிப் போவான். வராவிட்டால் வீட்டிலேயே லுஹர் தொழுவீர்கள்.

நீங்கள் போன பிறகு, கிளினிக்கில் தந்த வோக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மிஸ் சொன்னார். கடைசித் தடவை நான் மருந்து வரிசையில் நின்றபோது, உங்களிடம் தனியாகக் கேட்டாராம். பள்ளிக்கு நடந்து போக எவ்வளவு என்று. அவசரமில்லாமல் ஆறுதலாக யோசித்து எண்பது என்றீர்களாம். பஸ் ஹோல்ட்டில் நின்று அழுதேன். ஏன் வாப்பா, என்னிடம் அடித்துச் சொல்லவில்லை?

போன வருஷம் உம்மாவுக்கும் பக்கவாதம் வந்தது. பயப்படாதீர்கள், இடக்காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நேற்று அதே மிஸ், அதே தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. தனியாகக் கடைக்குப் போக எவ்வளவு என்று கேட்டபோது, உம்மா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் விழுந்தா நீ ஏச மாட்டியே, மகள்?"

குளியலறையில் நீங்கள் வழுக்கி விழுந்த அன்று நான் ஏசிய ஏச்சு தெருவுக்கே கேட்டது. பயத்தில்தான் ஏசினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா? நீங்களும் விழுவதற்குப் பயப்படவில்லை, என் வாய்க்குத்தான் பயந்திருக்கிறீர்கள்.

ஏச மாட்டேன் என்று உம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். மிஸ்ஸின் பக்கம் திரும்பி அறுபது என்றார்.

நாளைக் காலை கடைக்குப் பாண் வாங்க உம்மா தனியாகப் போகிறார். நான் பின்னால் போக மாட்டேன், ஜன்னலடியிலும் நிற்க மாட்டேன். விழுந்து எழும்பி வந்தால் காயத்தைக் கழுவி மருந்து போடுவேன். பிறகு, நாளைக்கும் போகிறீர்களா என்று கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களை ஏசி ஏசியே பார்த்துக்கொண்ட
மூத்த மகள், ஸரீனா