வூடா, வீடா

கள்ளக்குறிச்சி

அன்பு மகள் தைலம்மாளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உலகம் உன்னை தைலா என்று அழைப்பது தெரியும். என் தாயின் பெயரைப் பாதியில் வெட்டியது போதாதென்று, இணையத்தில் அதைத் தேடினால் முதலில் தலைவலி மருந்துதான் வருகிறது. போகட்டும். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொண்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள், நீயும் சொல்வாய், விஷயம் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் பாட்டைச் சினிமாவுக்குக் கேட்கும் கம்பெனிக்காரர்கள், வூடு என்று வரும் இடமெல்லாம் வீடு என்று மாற்றிப் பாடினால்தான் எடுப்போம் என்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். தமிழாசிரியரான அப்பா எது சரி என்கிறாரோ அப்படியே செய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டபோது கேட்கவில்லை, கிடாரைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியபோது கேட்கவில்லை, காப்பிக் கடைகளில் பாடிப் பெயர் வாங்கியபோதும் கேட்கவில்லை. இப்போது ஓர் எழுத்துக்குக் கேட்கிறாய். மகிழ்ச்சி.

பதிலுக்கு முன் ஒரு செய்தி. மணலூர்பேட்டையில் உன் கமலா அத்தை இறந்ததை அம்மா சொல்லியிருப்பாள். அவள் கணவர் சுப்புராயன் மாமாவின் வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ படிப்பை விட்ட வருடம், ஒரு கல்யாணப் பந்தியில், "இன்னா மச்சான், பொண்ண இன்ஜினியர் ஆக்குறேன்னு சொல்லிக்கினு இருந்த, கூத்தாடி ஆக்கிட்ட போலக்குது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்ன மனிதர். நான் பாயசம் சாப்பிடாமல் எழுந்தேன், அதையும் அவர் கவனிக்கவில்லை. இருந்தாலும் சாவு என்பதால் போனேன், பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்செட் ராசு ஒப்பாரிப் பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று உன் குரல். மாமா என்னை அவமானப்படுத்தவே ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து, ராசுவிடம் போய் நிறுத்தச் சொன்னேன். "இன்னா சார், சாவு வூட்ல சாவுப் பாட்ட நிறுத்தச் சொல்றீங்க? மலை மேல கரியாலூர்லேர்ந்து எலவனாசூர்கோட்டை வரைக்கும் இத்தத்தான் கேக்குறாங்க. பாவம், அந்தம்மாவுக்கு வூட்டுக்காரர் பூட்டாரு போலக்குது, இன்னா உருக்கமா பாடுது பாருங்க" என்றான். அது உன் தோழி அறையைக் காலி செய்துகொண்டு போனதற்காக எழுதிய பாட்டு என்பதையோ, உனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதையோ நான் அவனிடம் விளக்கவில்லை.

அதற்குள் "வூட்டப் பூட்டிக்கினு போயிட்டியே, சாவிய எங்க வச்ச" என்ற வரி வந்துவிட்டது. நான் வந்ததிலிருந்து மரம்போல் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பீரோ சாவிய எங்க வச்சான்னு தெரியலியே மச்சான், காலைலேர்ந்து தேடுறேன், அவளுக்கு ஒரு நல்ல பொடவை எடுக்க முடியலியே" என்று குழந்தைபோல் அழுதார். பாடுவது நீ என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கையை உடனே உதறவும் இல்லை, அதற்குமேல் எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

இப்போது பதில். வீடு என்பதே செந்தமிழ், பிள்ளைகள் வூடு என்று எழுதினால் இன்றும் மதிப்பெண் குறைப்பேன். ஆனால் வீடு என்றால் முக்தி என்றும் பொருள். முக்தி அடைந்தவளுக்காக யாரும் அழ வேண்டியதில்லை, சாவியைத் தேட வேண்டியதும் இல்லை. வூட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே மாற்றாதே. தமிழாசிரியர் சொன்னதாகவே அவர்களுக்கு எழுது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொண்டைக்கு மிளகுப்பால் குடி. அம்மா திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறாள். எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இரு. சினிமாவில் வராவிட்டால் பரவாயில்லை, இந்தப் பக்கத்தில் சாவு விழாத ஊர் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. வேடியப்பன், எம்.ஏ., பி.எட்.