நாலு பவுண்டு

கொழும்பு, 9-3-1958

அன்புள்ள ஜெய்தூன் பீவிக்கு, உனக்கும் மகள் கமர்ஜஹானுக்கும் அல்லாஹ் நல்ல சுகம் தரட்டும். உன் மூட்டுவலி தேவலையா?

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் என் எடை முப்பது பவுண்டு குறைய வேண்டும் என்றார் டாக்டர். அதிகம் நடக்கவும் தடை. சாப்பாட்டைக் குறைப்பதுதான் வழி. மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் பிரியாணி ஆக்கிவிட்டு நான் கஞ்சி குடிக்கிறேன். நேற்று நிறுத்தால், குறைந்தது நாலே பவுண்டு.

"தராசு கெட்டுப்போச்சுண்ணே" என்று கூட வந்த திண்டுக்கல் அப்பாஸ் சிரித்தான். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. எடை குறையாமல் ஆபரேஷன் இல்லை, இனி வர வேண்டாம் என்றார்.

ஊருக்கு வரும் அப்பாஸிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. இந்த உடம்போடு பயணம் ஏலாது. எனக்காகக் காத்திராமல் மகள் நிக்காஹுக்குத் தேதி குறித்துவிடு. அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்.

அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

அப்துல் வாஹித்